டயாலிசிஸுக்கு முந்தைய ஆண்டுகள்: சிறுநீரக மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் டயாலிசிஸுக்கான மனுக்களுக்கென்றே இப்போது தனி ஃபைல் வைத்திருக்கிறோம். மனுவோடு ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் இணைத்துத் தரச் சொல்கிறோம். அந்தக் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினால் பல குடும்பங்களில் ஒரே கதைதான் தெரிகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, சர்க்கரைக்காகவோ கண் ஆபரேஷனுக்காகவோ எடுத்த ரிப்போர்ட் ஒன்றில் கிரியேட்டினின் 1.6 என்று இருக்கும். அதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு காகிதமும் இல்லை. பிறகு 2.4. பிறகு 4. கடைசியில் மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் 9 அல்லது 11. சிறுநீரகச் சிறப்பு மருத்துவர் ஒருவரின் கையெழுத்து அந்தக் கட்டில் முதன்முதலாகத் தென்படுவதே அந்தக் கடைசித் தேதியில்தான்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கான உதவி எப்போதும்போல் தொடரும். ஆனால் 1.6 என்று இருந்த அந்த நாளுக்கும் நள்ளிரவு ஆம்புலன்சுக்கும் நடுவில் கிடந்த ஆண்டுகளைப் பற்றி இந்த இதழில் விரிவாகப் பேச விரும்புகிறோம். சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கூடிய மருத்துவம் பெரும்பாலும் அந்த ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது.

"1.6 தானே, கொஞ்சம்தான் கூட"

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து தினமும் ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். சராசரி ஆணுக்கு 1.2 வரையும் பெண்ணுக்கு 1.0 வரையும் இயல்பு என்று பெரும்பாலான லேப்கள் எழுதுகின்றன. 1.6 என்றால் அரைப் புள்ளிதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

ஒருவருக்கு 1.0 ஆக இருந்த கிரியேட்டினின் 2.0 ஆகிறது என்றால் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டது என்று பொருள். அதே ஆளுக்கு 6 ஆக இருந்தது 8 ஆகும்போது போவது மிகச் சிறிய பங்கு. போவதற்கு மிச்சம் அவ்வளவுதான் இருக்கிறது. நம் வீடுகளில் 6 எட்டு ஆகும்போது அழுகிறார்கள், வெளியூருக்கு ஃபோன் போடுகிறார்கள். 1 இரண்டு ஆனபோது யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். உடம்பும் ஒன்றும் சொல்லாது. இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் வடிகட்டிகள் இருப்பதால் பாதி பழுதானாலும் மிச்சம் வேலை செய்துகொண்டே இருக்கும். வலி இருக்காது. சிறுநீரும் வழக்கம்போலப் போகும். "மூத்திரம் நல்லாத்தான் போகுது, கிட்னி எப்படிப் பழுதாகும்?" என்று கேட்பவர்கள் அதிகம். தண்ணீர் வெளியேறுவது வேறு, கழிவு வெளியேறுவது வேறு. டயாலிசிஸ் தொடங்கும் நாள்வரை நன்றாகச் சிறுநீர் போகிறவர்கள் உண்டு.

இதனால்தான் மருத்துவர்கள் கிரியேட்டினினை மட்டும் பார்க்காமல் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அதைச் சிறுநீரகத்துக்குப் போடும் நூற்றுக்கான மதிப்பெண் போல நினைத்துக்கொள்ளலாம். 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 30க்குக் கீழே நான்காம் நிலை. 15க்குக் கீழே ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை.

அதே 1.6ஐ இப்போது பாருங்கள். 30 வயது ஆணுக்கு அது ஏறக்குறைய 59 மதிப்பெண். 65 வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 36. ரிப்போர்ட்டில் ஒரே எண். மகன் இப்போதுதான் ஆபத்தின் வாசலில் நிற்கிறார், உம்மா உள்ளே வெகுதூரம் போய்விட்டார். பல லேப்கள் இந்த மதிப்பெண்ணையும் கீழே அச்சிட்டுத் தருகின்றன. அச்சிடாவிட்டால் கேளுங்கள். செல்பேசியிலேயே கணக்கிட்டுத் தரும் செயலிகளும் இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

ரத்தத்தை விட முன்னதாகச் செய்தி சொல்வது சிறுநீர். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையை ஏ.சி.ஆர். என்பார்கள். 30க்கு மேல் போனால் வடிகட்டியில் பழுது தொடங்கியிருக்கிறது. 300க்கு மேல் போனால் பழுது கடுமையாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் கிரியேட்டினின் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் கசிவு தெரிந்துவிடும். சிறுநீர் கழித்த பின் நுரை அடங்காமல் நிற்பது இதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் நுரை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கக் கசிவில் நுரை வராது.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை இந்த இரண்டு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகம் பழுதானவர்கள், திரும்பத் திரும்பக் கல் வருபவர்கள், மூட்டு வலிக்காக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்கள், பிரசவ காலத்தில் ரத்த அழுத்தம் கூடிச் சிரமப்பட்ட பெண்கள் ஆகியோரும் செய்துகொள்வது நல்லது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொளுத்தும் வெயிலில் போதிய தண்ணீர் இல்லாமல் பல ஆண்டுகள் வேலை செய்வது சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. ரத்த அழுத்தம் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று மறைத்து வைப்பவர்களும் உண்டு. ஊருக்கு வரும் நாற்பது நாளில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

எந்த மருத்துவரிடம், எப்போது?

சிறுநீரகத்துக்கு இரண்டு வகைச் சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை நிபுணர். கல், புரோஸ்டேட், சிறுநீர்ப் பாதை அடைப்பு ஆகியவற்றைப் பார்ப்பவர். நெஃப்ராலஜிஸ்ட் என்பவர்தான் சிறுநீரகம் படிப்படியாகப் பழுதாவதை மருந்தால் தடுத்து நிறுத்தப் பார்ப்பவர். கிரியேட்டினின் ஏறியவர்கள் யூராலஜிஸ்டிடம் போய் ஸ்கேன் எடுத்து, "கல் இல்லை" என்று கேட்ட நிம்மதியில் வீடு திரும்பிய கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். போக வேண்டிய இடம் நெஃப்ராலஜிஸ்ட்.

கிரியேட்டினின் கொஞ்சம் கூடிய எல்லோரும் அவரிடம் ஓட வேண்டியதில்லை. மதிப்பெண் ஒரே நிலையில் நிற்கும் பலரை உள்ளூர்ப் பொது மருத்துவரே நன்றாகப் பார்த்துக்கொள்வார். ஆனால் மதிப்பெண் 30க்குக் கீழே போய்விட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். 30க்கு மேலே இருந்தாலும் ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் இறங்கிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். அல்புமின் 300ஐத் தாண்டினாலும், கல் எதுவும் இல்லாமல் சிறுநீரில் ரத்தம் கசிந்தாலும், நாலு வகை மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் அடங்காவிட்டாலும், ரத்தத்தில் பொட்டாசியம் அடிக்கடி ஏறினாலும் அப்படியே. சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை, இளம் வயது, ஆனால் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு இருப்பது சிகிச்சையால் மீளக் கூடிய அழற்சி நோயாக இருக்கலாம். சிறுநீரகத்தில் ஊசி வைத்துச் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி மூலம்தான் அது தெரியும். சிறுநீரகம் சுருங்கிய பிறகு அந்தச் சோதனையாலும் பயன் அதிகம் இருக்காது.

இன்னொரு அடையாளத்தை நம் வீடுகளில் சந்தோஷச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்சுலின் போடும் வாப்பாவுக்குத் திடீரென்று சர்க்கரை தாழ ஆரம்பிக்கும். "மாத்திரையே வேண்டாம் போலிருக்கு, சர்க்கரை தானா இறங்கிருச்சு" என்பார்கள். பழுதான சிறுநீரகத்தால் இன்சுலினைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. அதனால் அது உடம்பில் அதிக நேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்துகிறது. காரணம் இல்லாமல் இன்சுலின் தேவை குறைந்தால் முதலில் கிரியேட்டினினைப் பாருங்கள்.

"கிட்னி டாக்டர்கிட்ட போனா டயாலிசிஸ் போட்டுருவாங்க"

இந்தப் பயம்தான் பலரைத் தடுக்கிறது. பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். தெருவில் யாராவது ஒருவர் நெஃப்ராலஜிஸ்டிடம் போன வாரமே டயாலிசிஸில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவர் போனபோது மதிப்பெண் ஐந்தோ ஆறோ இருந்திருக்கும். அவ்வளவு தாமதமாகப் போனால் மருத்துவரால் வேறு எதுவும் செய்ய முடியாது. 36இல் போகிறவரை எந்த மருத்துவரும் டயாலிசிஸில் உட்கார வைப்பதில்லை. பொதுவாக மதிப்பெண் 10ஐ ஒட்டி வந்து, வாந்தி, மூச்சுத் திணறல், உடல் வீக்கம் போன்ற தொந்தரவுகளும் தோன்றும்போதுதான் அந்தப் பேச்சே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 மதிப்பெண் உள்ள ஓர் உம்மாவுக்கு ஆண்டுக்கு 5 வீதம் இறங்கினால் ஏறக்குறைய ஐந்து ஆண்டில் பத்துக்கு வந்துவிடுவார். சரியான மருத்துவத்தால் அந்த இறக்கத்தை ஆண்டுக்கு 2 ஆகக் குறைக்க முடிந்தால் பதின்மூன்று ஆண்டு ஆகும். நடுவில் எட்டு ஆண்டு. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டிருக்காத எட்டு ஆண்டு. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆயுளும் ஷிஃபாவும் அல்லாஹ்வின் கையில். ஆனால் இறக்கத்தின் வேகத்தைக் குறைக்க முடியும் என்பது மருத்துவ உலகம் நன்றாகச் சோதித்து அறிந்த உண்மை.

எதனால் குறைக்கிறார்கள்? முதலில் ரத்த அழுத்தம். அதற்குள்ளும் ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தணித்து அல்புமின் கசிவைக் குறைக்கின்றன. இது 1990களிலிருந்தே தெரிந்தது. இதைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் மருத்துவர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நம் மக்களோ அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும், "மாத்திரை கிட்னியைக் கெடுத்துருச்சு" என்று தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டுமா என்பதைக் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கருத்தரித்த, கருத்தரிக்க விரும்பும் பெண்கள் மட்டும் இந்த வகை மாத்திரையைப் பற்றி உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். கருவில் இருக்கும் பிள்ளைக்கு அது ஆகாது.

அடுத்தது டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை. சர்க்கரைக்காக வந்த மாத்திரைகள் இவை. 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 21 நாடுகளைச் சேர்ந்த 4,304 சிறுநீரக நோயாளிகளுக்கு டாபாகிளிஃப்லோசினோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் சிறுநீரகம் மோசமாகப் பழுதாவதும், சிறுநீரக, இதய நோய்களால் இறப்பதும் சேர்ந்து 39 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சர்க்கரையே கிடையாது. "எனக்குச் சர்க்கரை இல்லையே, ஏன் சர்க்கரை மாத்திரை எழுதினார்?" என்று குழம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். இப்போது பல இந்திய நிறுவனங்கள் இதைத் தயாரிப்பதால் விலை வெகுவாக இறங்கிவிட்டது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பது இதன் முக்கியத் தொந்தரவு. சுத்தமாக இருப்பதும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்வதும் போதும். வாந்தி, பேதி வந்து தண்ணீர்ச் சத்து இழக்கும் நாட்களில் இதையும், மேலே சொன்ன அழுத்த மாத்திரையையும், நீர் பிரிக்கும் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, சிறப்பு மருத்துவர் எதை எடுத்துவிடுகிறார் என்பதும் எதைக் கொடுக்கிறார் என்பதைப் போலவே முக்கியம். வலி மாத்திரைகளை எடுத்துவிடுவார். மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பஸ்பங்களையும் பொடிகளையும் விடச் சொல்வார். "கிரியேட்டினினை நாற்பது நாளில் இறக்கித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களுக்கு நம் ஊரிலிருந்து போன பணம் கொஞ்சமல்ல. முகம் வெளுக்கும் கிரீம்களையும் இதோடு சேர்க்க வேண்டும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் சிறுநீரகத்தில் புரதக் கசிவோடு வந்த சிலரை விசாரித்தபோது, அவர்கள் பாதரசம் கலந்த அழகு கிரீம்களைப் பூசியிருந்தது தெரியவந்தது. கல்யாணப் பெண்ணுக்கு என்று பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக்கள் நம் வீடுகளுக்கும் வருகின்றன.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் சேர்ந்தால் அந்த அளவு ஒரு வேளையிலேயே முடிந்துவிடும். கடையில் விற்கும் "குறைந்த சோடியம் உப்பு" வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரக நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். நட்சத்திரப் பழம் என்கிற தமரத்தங்காயைத் தொடவே கூடாது. கறியையும் மீனையும் முழுதாக விடச் சொல்லும் அக்கம்பக்கத்து ஆலோசனை சரியல்ல. அளவை மருத்துவரும் உணவு ஆலோசகரும் சொல்லட்டும். "நிறையத் தண்ணி குடிச்சா கிட்னி கழுவிரும்" என்பதும் கல் உள்ளவர்களுக்குச் சொன்ன அறிவுரை. வீக்கம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

நோன்பு வைக்கலாமா?

இந்தக் கேள்வி எங்களிடம் ஒவ்வோர் ஆண்டும் ரமலான் பிறை பார்த்த பிறகுதான் வருகிறது. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். மதிப்பெண் நிலையாக இருக்கும் மூன்றாம் நிலை நோயாளிகளில் சிலருக்கு மருத்துவர் கண்காணிப்போடு அனுமதி தருவார். மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி எழுதித் தருவார். நோன்பின் இடையே ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்வார். நான்காம், ஐந்தாம் நிலையில் உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. பின்னர் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் நோன்பு பிடித்து, பெருநாளை ஐ.சி.யு.வில் கழித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஈமானை நாங்கள் மதிக்கிறோம். அதே மார்க்கம் தந்த சலுகையையும் அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பேரீச்சை, இளநீர், வாழைப்பழம் எல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை.

பழுது தவிர்க்க முடியாதபோது

எவ்வளவு கவனித்தாலும் சிலருக்குச் சிறுநீரகம் கடைசி நிலைக்குப் போகத்தான் செய்யும். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் அப்படிப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. சம்பந்தம் பேசும் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று இதை மறைப்பவர்கள், கூடவே தம் மற்ற பிள்ளைகளின் பரிசோதனையையும் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். கடைசி நிலைக்குப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்ததன் பலன் உண்டு. சொல்லப்போனால் செலவில் பெரிய வித்தியாசம் இங்கேதான்.

ரத்த டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்துலா என்ற சிறு ஆபரேஷன் செய்து ஒரு ரத்தக் குழாயைத் தயார் செய்ய வேண்டும். அது பழுக்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். முன்கூட்டியே தெரிந்தால் நிதானமாகச் செய்துவிடலாம். நள்ளிரவில் போனால் கழுத்தில் குழாய் போடுவார்கள். அதில் கிருமித் தொற்று வந்து காய்ச்சலும் ஐ.சி.யு.வும் ஆகி, டயாலிசிஸ் செலவை விடத் தொற்றுக்கான செலவு அதிகமாகிப்போன குடும்பங்களின் ரசீதுகள் எங்கள் ஃபைலில் இருக்கின்றன. மதிப்பெண் 30க்குக் கீழே வந்துவிட்டவர்கள் இன்றிலிருந்தே, அதிகம் பயன்படுத்தாத கையில், வலக்கைக்காரராக இருந்தால் இடக்கையில், ஊசியும் குளுக்கோஸும் ஏற்றவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்க வரும் நர்ஸிடம் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நரம்புதான் பின்னாளில் உயிர்நாடி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் சிறுநீரகம் முற்றிலும் பழுதாவதற்கு முன்பே போட்டால்தான் நன்றாக வேலை செய்கிறது.

வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் உண்டு. தூரத்து ஊரில் இருப்பவர்களுக்கு அது வசதி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வயது முதிர்ந்து, வேறு பல நோய்களும் உள்ள ஒருவர் டயாலிசிஸே வேண்டாம், வலியும் தொந்தரவும் இல்லாமல் மருந்தோடு இருந்துகொள்கிறேன் என்று முடிவெடுப்பதும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு வழிதான். ஆனால் அந்த முடிவை அவரே, நல்ல நினைவோடு, பிள்ளைகளோடு பேசி எடுக்க வேண்டும். அதற்கும் காலம் வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுத வேண்டும். இங்கே ஒன்றிரண்டு மட்டும். 1971லேயே வேலூர் சி.எம்.சி.யில் உயிருள்ள ஒருவரின் சிறுநீரகத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் அதில் வந்த திருத்தமும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரை நெருங்கிய உறவினர் என்கின்றன. மற்றவர்கள் கொடுக்க அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பொருத்தமும் பரிசோதனைகளும் காகித வேலைகளும் முடியப் பல மாதங்கள் ஆகும். முன்கூட்டியே தொடங்கியவர்கள் ஒருநாள்கூட டயாலிசிஸ் செய்யாமலே மாற்றுச் சிறுநீரகம் பெற்றிருக்கிறார்கள். மார்க்க ரீதியான ஐயம் உள்ளவர்களுக்கு: ஜித்தாவில் 1988இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவருக்குக் கேடு வராதிருத்தல், விலைக்கு விற்காதிருத்தல் முதலிய நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்திருக்கிறது. மேலும் விவரத்தை நம் பள்ளி ஹஜ்ரத்திடம் கேட்கலாம். நம் நாட்டில் சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மனைவியரும் தாய்மாரும்தான். காக்காமாரும் தம்பிமாரும் பரிசோதனைக்காவது முன்வந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

செலவும் ஏற்பாடும்

சென்னையில் டாக்டர் எம்.கே. மணி தம் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் 1990களில் சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு வேலையைத் தொடங்கினார். அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் செய்தார். நோய் தெரிந்தவர்களுக்கு மிக மலிவான பழைய மாத்திரைகளையே கொடுத்தார். அதைக் கொண்டே பெரும்பாலோரின் அழுத்தத்தை அடக்க முடிந்தது என்று மருத்துவ இதழ்களில் எழுதினார். ஒருவரின் ஒரு மாத டயாலிசிஸ் செலவில் எத்தனை பேருக்குச் சிறுநீர் பார்க்கலாம் என்று நாங்களும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதன் பேரில் நிர்வாகக் குழு எடுத்த முடிவு இது: டயாலிசிஸ் உதவி ஜகாத் நிதியிலிருந்து, தகுதி உள்ளவர்களுக்கு வழக்கம்போலத் தொடரும். பரிசோதனைகளுக்கும், நெஃப்ராலஜிஸ்டை முதல்முறை பார்க்கப் போய்வரும் செலவுக்கும் ஸதகா நிதியிலிருந்து தனியாக ஒதுக்குகிறோம். இதற்கு வருமானச் சான்று கேட்க மாட்டோம்.

அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகளைக் கட்டணம் இல்லாமல் செய்துகொள்ளலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் சிறுநீரகத்துக்குத் தனித் துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் மாற்று அறுவையும் அடங்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்; ஐ.சி.யு. வாசலில் நின்றுகொண்டு தாலுகா ஆபீஸுக்கு ஆள் அனுப்பும் நிலை வேண்டாம்.

இந்த மாதம் எல்லா வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு அஸர் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் நம் தன்னார்வ மருத்துவக் குழுவினர் இருப்பார்கள். பெண்களுக்கு மதரஸா கட்டடத்தில் தனியே ஏற்பாடு செய்திருக்கிறோம். வீட்டில் கிடக்கும் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வாருங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, மதிப்பெண் எப்படி இறங்கியிருக்கிறது என்று காட்டித் தருவோம். அந்தத் தாளை மருத்துவரிடம் முதலில் நீட்டுங்கள்.